அப்புறம் ஞாபகப்படுத்து

அந்த வயரை மிதிச்சிராதீங்க! சுத்திக்கிட்டு இந்தப் பக்கமா வாங்க. அந்தச் சேர் வேண்டாம்ங்க, அது எங்க அம்மிணி உட்கார்றது. இந்தப் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுக்குங்க.

சத்தம் போட்டேன்னு நினைச்சுக்காதீங்க. என் குரலே அப்படித்தான். மாட்டுச் சந்தையில வளர்ந்த குரல். நாலு மாட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனுக்குக் கேட்கணும்னா மெதுவாப் பேசி ஆகுமா?

ஜாதகம் கொண்டாந்திருக்கீங்க. மகனுக்கா, மகளுக்கா? மகளுக்கு. இருபத்தொம்பது. சரி. பையை மடியிலயே வெச்சிருங்க. இப்ப ஒண்ணும் பார்க்க முடியாது. அங்க பாருங்க, கம்ப்யூட்டர் நீலமா நிக்குது. பன்னெண்டு சதவீதம். வேலை நடக்குது, அணைக்காதீங்கன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்குதாம். கீழ மருந்துக்கடைக்காரர் வந்து படிச்சுச் சொல்லிட்டுப் போனார். காலைல ஸ்விட்சைப் போட்டதும் தானாவே ஆரம்பிச்சுது, நான் ஒண்ணையும் தொடலைங்க. நாலாயிரத்துச் சொச்சம் ஜாதகம் அதுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்குது. இதை ஓட்டத் தெரிஞ்சது ஒரே ஆள். அந்த ஆளுக்கு நாளைக்குக் கல்யாணம்.

பூங்கோதைன்னு பேரு, நான் கூப்பிடறது அம்மிணின்னு. பதினாறு வருஷமா இங்க வேலை. நாளைக்குக் காலைல சிவன்மலைல முகூர்த்தம். மாப்பிள்ளை யாருங்கிறீங்க? இந்தக் கம்ப்யூட்டரைச் சரி பண்ண வந்தவன். மெஷினைப் பார்க்கக் கூப்பிட்டா ஆளைக் கூட்டிக்கிட்டுப் போறான். காங்கேயம் சுத்துவட்டாரத்துக்கே கல்யாணம் பண்ணி வைக்கிறவன் நான். என் ஆபீஸ்ல, எனக்குத் தெரியாம!

அம்மிணிக்கு அப்பன் இல்லைங்க, சின்னதுலயே போயிட்டார். கூடப் பிறந்ததும் இல்லை. அதனால அவங்கம்மா வந்து, "அப்பன் ஸ்தானத்துல நின்னு நீங்கதான் தாரை வார்த்துக் குடுக்கோணும்"னு கேட்டாங்க. நான் ஒரு கண்டிஷன் போட்டேன். கல்யாணம் ஆனாலும் ஒரு வருஷமாச்சும் இங்க வேலைக்கு வரணும். அதுக்குச் சரின்னா நிக்கறேன். அந்தம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு அம்மிணியே கேட்டா. கண்டிஷனைத் திரும்பச் சொன்னேன். "வந்தாச் சந்தோஷம்ங்ண்ணா"ன்னுட்டுப் போயிட்டா. ரெண்டு தடவை ஆச்சு. மூணாந்தடவை கேட்கட்டும்னு உட்கார்ந்திருக்கேன்.

ஏன் மூணுன்னா, அது சந்தை வழக்கம்ங்க. துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, உள்ள கை விட்டு, விரலைப் பிடிச்சுத்தான் விலை பேசுவோம். சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. எதிராளி முதல் தடவை விரலைப் பிடிச்சா உருவிக்கணும். ரெண்டாந்தடவையும் உருவிக்கணும். மூணாந்தடவைதான் பிடி குடுக்கணும். முதல் தடவையே பிடி குடுத்து நல்ல காளை ஒண்ணைக் கோட்டை விட்டேன். எனக்குத் தரகு கத்துக் குடுத்த ஆளு, அத்தனை பேர் முன்னாடி என்னை அடிக்கச் செருப்பைக் கழட்டினார். அன்னைக்குப் படிச்சது. நான் படிச்ச படிப்பே அதுதான். மாட்டை விட்டுட்டு மனுசனுக்கு ஜோடி சேர்க்க வந்தேன். முப்பது வருஷமா அதே விதிதான். மாப்பிள்ளை வீட்டுக்காரன் மூணு தடவை கேட்காம பொண்ணு போட்டோவைக் கண்ணுல காட்ட மாட்டேன்.

இன்னும் பன்னெண்டுலயே நிக்கறான் பாருங்க. அசையறானா!

எல்லாத்துக்கும் காரணம் இந்த ஓ.எஸ்.தானுங்க. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு சிஸ்டம் ஓடுதில்லைங்களா, அது. பழசு நல்லா இருந்துது. பச்சைப் புல்லு, நீல வானம்னு ஒரு படம் வரும். மூலைல ஒரு பட்டன். அம்மிணி கை தானாப் போகும். ஒருநாள் திரைல ஒரு பெட்டி வந்து நின்னுது. "புது சிஸ்டம் இலவசமாத் தர்றாங்களாம்ங்ண்ணா. 'இப்பவே'ன்னு ஒரு பட்டன் இருக்குது, 'அப்புறம் ஞாபகப்படுத்து'ன்னு ஒரு பட்டன் இருக்குது"ன்னா.

"வேண்டாம்ங்கிற பட்டன் எங்க?"ன்னேன்.

"அது இல்லைங்ண்ணா."

எனக்கு வந்துது பாருங்க கோபம். வேண்டாம்னு சொல்ல வழியில்லாத யாவாரம் ஒரு யாவாரமா? சந்தையில பிடிக்கலைன்னா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துருவோம். நடக்க விடாம வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கறான். அதுலயும் இலவசம்ங்கிறான். எவன் வீட்டுல என்ன இலவசமாத் தர்றாங்க? "அப்புறம்கிறதை அமுக்கு. நாளைக்கும் வருவான். நாளன்னைக்கும் வருவான். ஆசைப்பட்டவன் அவன், நம்மளா? விட்டுப் பிடிச்சா மேல ஏதாவது சேர்த்துத் தருவான்"னேன்.

"இது கம்ப்யூட்டர்ங்ண்ணா"ன்னா.

"அதுக்குப் பின்னாடி ஒரு யாவாரி இருப்பானில்ல?"

பதினாலு மாசம்ங்க! தினமும் காலைல அவன் கேட்பான், அம்மிணி அப்புறம்னு அமுக்குவா. நான் பின்னாடி நின்னு பார்ப்பேன். மூணு தடவை என்ன, நானூறு தடவை கேட்டிருப்பான். ஆனா ஒரு ரூபாய் சேர்த்துத் தரலை. அழுத்தமான ஆளுன்னு நினைச்சுக்கிட்டேன். ஒருநாள் காலைல பெட்டி வரலை. அடுத்த நாளும் வரலை. ஜெயிச்சுட்டோம்னு இந்த மாடி முழுக்க என் செலவுல டீ வாங்கிக் குடுத்தேன். அம்மிணி டீயைக் குடிச்சுக்கிட்டே, "இலவசம் முடிஞ்சுபோச்சுங்ண்ணா. இனி வேணும்னா காசு குடுத்துத்தான் வாங்கோணும்"னா. எப்பவும் இப்படித்தான், நல்ல நேரத்துல ஒண்ணு சொல்லுவா.

ஆறு மாசம் போச்சு. போட்டோ அனுப்பற பக்கம் திறக்கலை. ஜாதகம் பார்க்கிற சாஃப்ட்வேர்க்காரன் போன் பண்ணி, பழைய சிஸ்டத்துல இனிமே ஓடாது, நாங்க பொறுப்பில்லைங்கிறான். அவனை நான் போன்லயே என்னென்ன கேட்டேன்ங்கிறது இப்ப வேண்டாம், உங்க மக ஜாதகம் மடியில இருக்குது.

அப்பத்தான் இந்தத் தனபாலைப் பிடிச்சோம். வெள்ளக்கோயில்காரன். நாப்பது நாப்பத்தொண்ணு இருக்கும். அவனும் நம்மகிட்ட வரன் பதிஞ்சவன்தானாம், செவ்வாய் தோஷம். எனக்கு முகமே ஞாபகமில்லைங்க. வந்தவன் மெஷினைத் திறந்து பார்த்துட்டு, இது வேணும், அது வேணும், நாலஞ்சு நடை வரணும், நடைக்கு இவ்வளவுன்னான். நான் துண்டை எடுத்தேன். அவன் கையைப் பிடிச்சு உள்ள விட்டு, 'எத்தனை நடை வந்தாலும் ஒரே கூலி'ன்னு ஒத்தை விரலைப் பிடிச்சு அமுக்கினேன். அவனுக்கு அந்த பாஷை தெரியலை. கை குலுக்கறேன்னு நினைச்சுக்கிட்டு, "வணக்கம்ங்க"ன்னு நல்லாக் குலுக்கினான். சரி, ஒத்துக்கிட்டான்னு நான் வெச்சுக்கிட்டேன்.

எத்தனை நடை வந்தான் தெரியுங்களா? பதினொண்ணு! முதல் நடைல பழசையெல்லாம் காப்பி எடுத்தான். ரெண்டாவதுல புதுசை ஏத்தினான். மூணாவது பிரிண்டர். நாலாவது மறுபடியும் அதே பிரிண்டர். அஞ்சாவது, ஜாதகத்துல எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாத் தெரிஞ்சுது, அதைச் சரி பண்ணினான். ஆறாவது உள்ள இருக்கிற ஃபேனைத் துடைச்சான். ஏழாவது, மவுஸ் சரியா நகருதான்னு பார்த்தான். ஒரு மணி நேரம் பார்த்தான். எட்டாவது நடை, கொட்டற மழைல நனைஞ்சுக்கிட்டு வந்து, "கரண்ட் இருக்குதான்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க"ன்னான். எல்லாம் ஒரே கூலி. இந்தக் காலத்துல எவனுங்க வர்றான்? நான் பேசின பேச்சு அப்படி.

என்னங்க சிரிக்கறீங்க? இல்லையா? சரி.

புது சிஸ்டம் எனக்குச் சேரலைங்க. மூலைல இருந்த பட்டனைத் தூக்கி நடுவுல வெச்சிருக்கான். புல்லையும் வானத்தையும் காணோம், தினம் ஒரு படம் மாத்தறான். திடீர்னு ஒருநாள் பனிமலை வந்து நிக்குது, காங்கேயத்துல! ஒரு மவுஸை நான் சுவத்துல அடிச்சேன், அது நிஜம். அம்மிணிக்கு மட்டும் ரெண்டே நாள்ல பழகிருச்சு. பூ வெச்சுக்கிட்டு வந்தா, பாட்டு முணுமுணுத்துக்கிட்டு வேலை பார்த்தா. புது மெஷின் வந்தா ஆளுங்களுக்கு ஒரு உற்சாகம் வருமில்லைங்களா, அதுதான்னு நினைச்சேன்.

முப்பது ஆச்சுங்க! பன்னெண்டுல இருந்து ஒரே தாண்டா முப்பது. கொஞ்சம் இறங்கி வர்றான்.

ஒம்பதாவது நடைலதான் டெஸ்ட் பண்ணினாங்க. பழைய ஜாதகமெல்லாம் புதுசுல ஒழுங்கா வந்திருச்சா, பொருத்தம் சரியாப் பார்க்குதான்னு தெரியணுமில்ல? ஏதாவது ஒரு பொண்ணு ஜாதகம், ஒரு பையன் ஜாதகம் போட்டுப் பார்க்கலாம்னாங்க. போடுங்கன்னேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆளுக்கொரு நம்பர் சொன்னாங்க. 1147, 2063. பேரெல்லாம் திரைல வரலை, நம்பர்தான். நம்பர் எனக்கு மறக்காதுங்க. மாட்டுப் பல்லை ஒரு தடவை பார்த்தா பத்து வருஷம் கழிச்சும் சொல்லுவேன். ரெண்டையும் போட்டு அமுக்கினாங்க. பத்துக்கு ஒம்பது பொருத்தம்! செவ்வாய்க்குச் செவ்வாய் சரியா உட்கார்ந்திருச்சு. அந்த மாதிரி வர்றது அபூர்வம்ங்க. நான் எந்திரிச்சே நின்னுட்டேன். "யாரு இது பார்ட்டி? ரெண்டு பக்கமும் உடனே பேசு அம்மிணி. விட்டுராதே!"ன்னேன். "சரிங்ண்ணா"ன்னா. தனபாலும் ஏன்னு தெரியலை, "சரிங்க"ன்னான். அவனுக்கு என்ன வந்துது? மெஷின் ரிப்பேர்க்காரன்.

அதுக்கப்புறம் அந்தப் பார்ட்டி என்ன ஆச்சுன்னே எனக்குச் சொல்லலை. இது முடிஞ்சதும் முதல் வேலையா 1147-ஐத்தான் தேடணும். கையில வந்த வரனை விடக்கூடாது.

அதோட ரெண்டு மாசம் கழிச்சு அம்மிணி முன்னாடி வந்து நிக்கறா. கையில மஞ்சள் தடவின பத்திரிகை. "அண்ணா, எனக்கும் தனபாலுக்கும் முடிவாயிருச்சுங்ண்ணா."

நான் கத்தின கத்துல கீழ மருந்துக்கடைக்காரர் மேல வந்துட்டார். "யாரைக் கேட்டு முடிவு பண்ணின?"

"நீங்கதாங்ண்ணா சொன்னீங்க."

"நான் எப்பச் சொன்னேன்?"

"விட்டுராதேன்னீங்க."

நீங்களே சொல்லுங்க, நான் எங்க அப்படிச் சொன்னேன்? வாய்க்கு வந்ததைச் சொல்றா பாருங்க. பதினாறு வருஷத்துல அவ என்கிட்டப் பொய் சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறலை.

நான் ஒண்ணும் அவளுக்குப் பண்ணாம இல்லைங்க. பத்து வருஷம் முன்னாடியே ஒரு மார்கழியில அவங்கம்மா ஜாதகத்தைக் கொண்டாந்து குடுத்தாங்க. "நீயே பதிஞ்சு வை அம்மிணி. தை பொறக்கட்டும், எனக்கு அப்புறம் ஞாபகப்படுத்து"ன்னேன். அவ ஞாபகப்படுத்தவே இல்லை. நாளெல்லாம் நூறு பேர் வர்ற இடத்துல ஞாபகப்படுத்தாம எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே அக்கறை இல்லைன்னு விட்டுட்டேன்.

என் வீட்டுக்காரி நேத்தே அம்மிணி வீட்டுக்குப் போயிட்டா, பலகாரம் சுடறாளாம். போறப்ப ஒரு வார்த்தை சொன்னா. "நீங்க வரலைன்னா மலைல வர்ற எவரையாவது நிறுத்திக்குவாங்க. கல்யாணம் நிக்காது. உங்க மரியாதைதான் நிக்காது"ன்னா. அவகிட்ட என்னைக்கும் என் யாவாரம் எடுபட்டதில்லை.

அடே! நூறு! நூறு வந்திருச்சுங்க! கறுப்பாப் போயிட்டு... இருங்க, வருது. வந்திருச்சு. ஒரு கடற்கரை. இன்னைக்குக் கடல் போல.

இந்தச் சுவத்துல ஒட்டியிருக்கிற தாளைக் கொஞ்சம் படிங்க. அம்மிணி போறதுக்கு முன்னாடி எழுதி வெச்சுட்டுப் போனா. நான் தொடவே இல்லை. முதல்ல என்ன? பாஸ்வேர்டு, ஆபீஸ் போன் கடைசி நாலு நம்பர். அடிச்சாச்சு. அப்புறம்? நடுவுல இருக்கிற பட்டனை அமுக்காதீங்க, நேரா பிள்ளையார் படத்தை ரெண்டு தட்டுத் தட்டுங்க. சரி. தட்டியாச்சு. மேல பூதக்கண்ணாடி இருக்கிற இடத்துல நம்பர் போடணும். கடைசி வரி என்னங்க? 'கோபம் வந்தா மவுஸைக் கீழ வெச்சுட்டுத் தண்ணி குடிங்க.' அதைப் படிக்கச் சொல்லலை நான்.

உங்க மகளைப் பதியறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். அந்த 1147-ஐப் பார்த்துருவோம். ஒண்ணு... ஒண்ணு... நாலு... ஏழு. ஆங், திறக்குது. என் கண்ணாடி வீட்டுல இருக்குது. கொஞ்சம் முன்னாடி வந்து படிங்க. அந்தச் சேர்லயே உட்காருங்க, பரவாயில்லை. பேர் என்ன போட்டிருக்குது?

என்னது?

திரும்பப் படிங்க.

ஓகோ.

அப்ப 2063... ஓகோ. அதுதான் அவனும் 'சரிங்க'ன்னானா.

இல்லைங்க, எனக்கு ஒண்ணுமில்லை. ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க. கீழ என்னமோ நிறைய எழுதியிருக்குதே, குறிப்புங்கிற இடத்துல. அதையும் படிங்க. சத்தமாவே படிங்க, இங்க வேற யாரு இருக்கா?

'2016 ஜனவரி: அண்ணாவுக்கு ஞாபகப்படுத்தினேன். சீசன் முடியட்டும் என்றார்.'

ம்.

'2016 செப்டம்பர்: ஞாபகப்படுத்தினேன். போனில் இருந்தார். அப்புறம் என்று கை காட்டினார்.'

'2017 மே: ஞாபகப்படுத்தினேன். உனக்கென்ன அவசரம் என்றார்.'

'2018 ஜூன்: அம்மா வந்து கேட்டார். அண்ணா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.'

ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் இருக்குதில்ல, படிங்க.

'2019: ஞாபகப்படுத்தவில்லை.'

அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லையா? கடைசியா ஒரு வரியா? என்னன்னு?

'2063. பத்துக்கு ஒன்பது. விட்டுராதே என்றார்.'

ம்.

சொல்லியிருக்கேன் பாருங்க. அவ பொய் சொல்ல மாட்டான்னு அப்பவே சொன்னேனில்ல உங்ககிட்ட?

எத்தனை தடவை கேட்டிருக்காங்க, எண்ணுங்க. அவ மூணு. அவங்கம்மா ஒண்ணு. இப்ப ரெண்டு. சந்தை விதிப்படி பார்த்தாலும் இது எப்பவோ தாண்டிப்போச்சு. கண்டிஷன் போடற இடத்துலயே நான் இல்லை.

அங்க 'நிலை'ன்னு போட்டிருக்கிற இடத்துல என்ன இருக்குது? 'வரன் தேவை'ன்னே இன்னும் இருக்குதா? அதை மாத்த முடியுமா பாருங்க. அந்த அம்புக்குறியை அமுக்குங்க... இல்லை, மவுஸை என்கிட்டக் குடுங்க. நான் பண்றேன். அடிக்க மாட்டேன், குடுங்க. 'வரன் தேவை'... 'பேச்சு நடக்கிறது'... 'திருமணம் முடிவானது'. இதா? இதுதான். அமுக்கிட்டேன்.

ஒரு பெட்டி வருதே. மறுபடியுமா? என்ன கேட்கறான்? மாற்றத்தைச் சேமிக்கவா... ஆம். இல்லை.

பாருங்க. இதுல இல்லைன்னும் வெச்சிருக்கான்.

கொஞ்சம் இருங்க.

ஆம். போட்டாச்சு.

சிவன்மலைக்குக் காலைல முதல் பஸ் எத்தனை மணிக்குங்க? வேண்டாம், இன்னைக்குச் சாயந்திரமே போயிடறேன். வேட்டி ஒண்ணு எடுக்கணும். விலையெல்லாம் பேசலை, அவன் சொன்னதைக் குடுத்துட்டு எடுத்துக்கறேன். ரெண்டு பக்கத்துக்கும் தரகு நான்தான்னு மேடையிலயே சொல்லப்போறேன். விட்டுராதேன்னு சொன்னவன் நானில்லையா? எழுத்துல இருக்குது.

நீங்க எங்க எந்திரிக்கறீங்க? அப்புறமா வர்றீங்களா? உட்காருங்க! அப்புறம்கிற பேச்சே இங்க வேண்டாம். இந்தத் தாள்ல புது ஜாதகம் பதியறது எப்படின்னும் எழுதியிருப்பா, பாருங்க. ஆங், அதுதான். நீங்க எழுத்து எங்க இருக்குதுன்னு காட்டுங்க, நான் தட்டறேன்.

சொல்லுங்க. மக பேரு என்னங்க?